வம்சத்திலேயே கிடையாது

வானமே இடிந்து விழுந்தாலும் சரி, பாத்திரம் தேய்ப்பதில்லை என்று சட்டக்காரர் முடிவெடுத்தார். போட்டோக்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். வீட்டிலும் சட்டம் போடுவது தாம்தான் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை அவர் மனைவி கலைத்ததே இல்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

அந்த வேலைதான் இப்போது வம்பாக வந்து நின்றது. அவள் தையல்காரி. பல வருஷமாக ஆசைப்பட்ட சாயங்காலத் தையல் வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. சொல்லிக்கொடுக்கப் போவது அவள். சமையலை முடித்து வைத்துவிட்டுத்தான் போவாளாம். கழுவுகிற வேலை மட்டும் அவருடையதாம். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வகுப்பு வேறொருத்தி கைக்குப் போய்விடும்.

சட்டக்காரரிடம் ஆயுதம் தயாராக இருந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில் காத்திருந்தபோது, ஒரு பழைய பத்திரிகையில் ஜீன்களைப் பற்றிப் படித்திருந்தார். வாயில் ஒரு பல் குறைந்து, தலையில் விஞ்ஞானம் ஏறி வீடு திரும்பியிருந்தார்.

"நான் மாட்டேன்னு சொல்லல. என் ஜீன் மாட்டேங்குது," என்றார். "எங்க வம்சத்துல எந்த ஆம்பளையும் பாத்திரத்தைத் தொட்டது கிடையாது. ரத்தத்துல இல்லாததை நான் எங்கேருந்து கொண்டு வர்றது?"

"உங்க ஜீன்ல பாதி அத்தையோடதாச்சே. அவங்க தேய்ப்பாங்களே?"

"அந்தப் பாதியில எனக்கு மூக்குதான் வந்துச்சு."

"உங்க அக்கா தேய்க்கிறாங்க."

"அக்காவுக்கும் எனக்கும் பாதிதான் பொது. மீதிப் பாதியிலதான் சோப்பு இருக்கு."

அவருக்கு உற்சாகம் பிறந்தது. குரங்கு நமக்கு நெருங்கின சொந்தம், எலி அதற்கு அடுத்த சொந்தம், வாழை மரம் தூரத்துச் சொந்தம் என்று உறவுமுறையை விரித்துக்கொண்டே போனார். இத்தனை சொந்தத்தில் ஒன்றாவது பாத்திரம் தேய்த்துப் பார்த்ததுண்டா என்று கேட்டார்.

"எலி தட்டை நக்கியாவது வச்சுட்டுப் போகும்," என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்றது. சாட்சியையே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லிப் போன் போட்டார். அப்பாவிடம் பாத்திரம் தேய்க்கிற ஜீன் இல்லையென்றால் அவள் வகுப்பை விட்டுவிட வேண்டும். இருந்தால் இவர் தேய்க்க வேண்டும். மனைவி உடனே சம்மதித்தாள்.

"ஆனா மாமா சொல்றது கணக்கில்ல. மாமாகிட்ட இருக்கிறதுதான் கணக்கு. ஜீன்னா அதானே?"

அதேதான் என்றார் சட்டக்காரர், பெருந்தன்மையாக. அவள் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துப் போய்ச் சமையலறைக் கதவின் தாழ்ப்பாளுக்குச் சில சொட்டுகள் விட்டாள். யாரும் போடாத தாழ்ப்பாள் அது. ஜெயிக்கப் போகிறவன் தாழ்ப்பாளைப் பற்றியெல்லாம் விசாரிப்பானா?

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். முறுக்கிய மீசை, கனத்த குரல், எல்லாம் அப்படியே. சாப்பாட்டு மேஜையில் மகன் கேள்வியைப் போட்டார்.

"பாத்திரமா?" அப்பா சிரித்த சிரிப்பில் தம்ளர்கள் ஆடின. "நம்ம வம்சத்திலேயே கிடையாது."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சட்டக்காரருக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஆனாலும் விஞ்ஞானத்தில் பாவம் பார்க்க முடியுமா? கூடத்துக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, செய்தித்தாளை மடியில் விரித்தார்.

நாலு பக்கம் புரட்டிய பிறகுதான் அப்பாவைக் காணோம் என்பது உறைத்தது. மேஜையில் தட்டுகளும் இல்லை. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. போய்த் தட்டினார்.

"யாரது? பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன்," என்றது கனத்த குரல்.

சின்ன வயசு முழுக்க, இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவர் கேட்ட அதே வார்த்தை. இன்றைய பேப்பரோ சட்டக்காரர் கையிலேயே இருந்தது.

"அப்பா, நான்தான்."

கதவு கொஞ்சம் திறந்தது. அப்பாவுக்கு முழங்கை வரைக்கும் நுரை. கையில் வாணலி, அடிப்பக்கம் பளபளவென்று.

"மருமக பக்கத்துல இல்லையே?"

மகனுக்குப் பின்னாலேயே வந்திருந்த அவள் சட்டென்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். மாமனாரின் மீசைக்கு அவள் கொடுத்த மரியாதை அது.

"அப்பா, தாத்தாகூடவா?" என்றார் மகன்.

"அவர்கிட்டதானே நான் கத்துக்கிட்டேன். அவர் ரெண்டு தாழ்ப்பாள் போடுவார். கதவைச் சாத்துடா, மானம் போகுது."

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று மனைவியைக் கேட்டார்.

"கல்யாணமான புதுசுல உங்க வீட்டுக்கு வந்தேனே. பேப்பர் படிக்கும்போது தட்டு உடைஞ்ச வீடு, எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்."

திங்கட்கிழமை சாயங்காலம் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சட்டக்காரர் மட்டும் தோற்றவர்போல் நிற்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். நான் யாருக்கும் பயந்து செய்யல. பரம்பரையை மதிச்சுச் செய்யறேன்."

"தெரியும்ங்க," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "பேப்பரை மடிச்சு அடுப்பு மேடையில வச்சிருக்கேன். நனைச்சுடாதீங்க."