கொப்புளம் இல்லாத குற்றம்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுக்கும் ஊழியர்கள் ரப்பர் செருப்போடு அலைவது அலுவலகத்தின் மாண்புக்கு இழுக்கு என்பதை, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே கண்டுபிடித்தார் குடிநீர் அலுவலகத்தின் அதிகாரி. உடனே எல்லோருக்கும் கறுப்புத் தோல் ஷூ வழங்கப்பட்டது. தோல் என்பது மரியாதைக்குச் சொன்னது. விரலால் தட்டினால் யாரோ கதவைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை முதல் அதைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும் என்று உத்தரவு.

நம் மீட்டர்காரர் தற்காலிக ஊழியர். அவருடைய வேலையை நிரந்தரமாக்குவது பற்றிப் பரிசீலனை நடந்துகொண்டிருந்தது. பரிசீலனையில் இருக்கிற மனிதன் ஷூ கொடுத்தால் காலில் மாட்டிக்கொள்வான். கொம்பு கொடுத்தால் தலையில் மாட்டிக்கொள்வான். பெட்டியை அணைத்தபடி வீட்டுக்குப் போனார்.

மனைவி ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பின்பக்க விளிம்பைத் தடவியதும் முகம் சுளித்தாள்.

"இதை அப்படியே மாட்டிக்கிட்டு வெயில்ல சுத்துனீங்கன்னா குதிகால் பிஞ்சிரும். திங்கக்கிழமைக்குள்ள வீட்டுலயே போட்டு நடந்து பழக்குங்க."

"ஆபீஸ் ஷூவாச்சே. வீட்டுல போடலாமான்னு கேக்கணும்."

"அது ஆபீஸ் ஷூ. கால் யாருதுங்க?"

மீட்டர்காரர் தடித்த சாக்ஸைப் போட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். அதோடேயே உட்கார்ந்து டிவி பார்த்தார். விளிம்பில் எண்ணெய் தடவினார். திங்கட்கிழமை காலையில் மனைவி அவர் குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினாள். ஷூ சொன்ன பேச்சைக் கேட்டது. அவரும் விறுவிறுவென்று தெருத் தெருவாக ரீடிங் எடுத்துவிட்டு வந்தார்.

மற்றவர்களின் கதை வேறு. மத்தியானத்துக்குள் அலுவலகம் நொண்டிகளின் மாநாடு போல ஆகிவிட்டது.

"ஷூ கடிக்குது சார்" என்று முறையிட்டார்கள்.

"அலுவலகப் பொருள் யாரையும் கடிக்காது" என்றார் அதிகாரி. "காலுக்கும் காலணிக்கும் இடையே இணக்கமின்மைன்னு சொல்லுங்க."

இணக்கமின்மையைக் களைய அவர் தலைமையிலேயே கொப்புளத் தடுப்புக் குழு அமைக்கப்பட்டது. குழுவின் முதல் நடவடிக்கை கால் பரிசோதனை. ஊழியர்கள் வராந்தாவில் ஷூவைக் கழற்றி வரிசையாக நின்றார்கள். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்வையிட்டார். ஒவ்வொரு கொப்புளத்தையும் கண்டு திருப்தியோடு தலையாட்டியவர், மீட்டர்காரர் முன்னால் நின்றுவிட்டார். பாராட்டப் போகிறார் என்று மீட்டர்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க உங்க கொப்புளம்?"

"இல்லீங்க சார்."

"ஏன் இல்ல?"

"வீட்டுல போட்டுப் பழக்கினேன் சார். தடிச்ச சாக்ஸ் போட்டு, பிளாஸ்டர் ஒட்டி..."

"அப்ப, அலுவலக உடைமையைச் சொந்த நடைக்குப் பயன்படுத்தியிருக்கீங்க."

மீட்டர்காரர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அது மட்டுமில்ல. நடந்தவங்க எல்லாருக்கும் கொப்புளம் வந்திருக்கு. உங்களுக்கு வரல. அப்ப நீங்க நடக்கலன்னுதானே அர்த்தம்?"

"மத்தவங்களைவிட அதிகமா ரீடிங் எடுத்திருக்கேன் சார்!"

"நடக்காமலே அதிகமா எடுத்திருக்கீங்க. அது இன்னும் மோசம்."

அதிகாரி போனதும் தலைமை எழுத்தர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, குடும்பஸ்தன் நீ. ஊரோடு ஒத்து ஒரு சின்னக் கொப்புளம் வரவழைச்சுக்கக் கூடாதா? வெள்ளிக்கிழமை மறுபடியும் பாக்கப் போறாரு. அப்பவும் கால் இப்படிப் பளபளன்னு இருந்தா, நிரந்தரம் கிடக்கட்டும், தற்காலிகமே தங்காது."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள். இந்த வேலை போனால் அடுத்தது என்ன என்று இரண்டு பேருமே வாய்விட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் சாக்ஸையும் பிளாஸ்டரையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். பிரயோஜனமில்லை. நன்றாகப் பழகிய ஷூ பூனைக்குட்டி போலக் காலைத் தடவிக்கொண்டு கூடவே வந்தது. கடைசியில், சின்னக் கால்காரரான சக ஊழியர் ஒருவரைக் கெஞ்சி அவர் ஷூவை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டி, மேட்டுத் தெருவெல்லாம் ஏறி இறங்கினார். சாயங்காலம் இரண்டு குதிகாலிலும் சிவப்பாக, பெரிதாக, எந்தக் குழுவும் மறுக்க முடியாத கொப்புளங்கள்.

மனைவி தண்ணீர் விட்டுக் கழுவினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "தெரியாத்தனமா நல்ல யோசனை சொல்லிட்டேங்க."

வெள்ளிக்கிழமை அதிகாரி குனிந்தே பார்த்தார். "இப்பத்தான் உங்க உழைப்பு கண்ணுக்குத் தெரியுது" என்றார். வேலை நிரந்தரமாயிற்று. அனைவருக்கும் பாரபட்சமின்றிக் கொப்புளம் வந்துவிட்டதால், தடுப்புப் பணி செவ்வனே நிறைவேறியதாக அறிவித்துக் குழுவும் கலைந்தது.

அடுத்த திங்கட்கிழமை ரீடிங் எடுக்க மீட்டர்காரர் நொண்டிக்கொண்டு போனார். எப்போதும் அவரைக் கேட்டுக்கு வெளியே காக்க வைக்கிற ஒரு வீட்டு அம்மா ஓடிவந்து திறந்தார்.

"அடப் பாவமே, இப்படிக் காலை இழுத்துக்கிட்டா வேலை பாக்குறீங்க? உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்."

சொம்பை நீட்டியபடி அந்த அம்மா தொடர்ந்தார். "இதுக்கு முன்னாடி ஒரு ஆள் வருவான். விறுவிறுன்னு வந்து, விறுவிறுன்னு போயிருவான். அவன் எங்க ஒழுங்கா எடுத்திருக்கப் போறான்! நாங்க தெருவே சேர்ந்து புகார் கொடுக்கலாம்னு இருந்தோம்."

அந்த அம்மா அதுவரை தன் முகத்தை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பது மீட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"அந்த ஆளை வேலையை விட்டு எடுத்துட்டாங்கம்மா" என்றார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் அந்த அம்மா.

இப்போது கொப்புளம் ஆறி, தழும்புகூட மங்கிவிட்டது. தெருமுனை வரை மீட்டர்காரர் நன்றாகத்தான் நடந்து வருகிறார். முதல் வீட்டு சன்னல் கண்ணில் பட்டதும் நொண்டத் தொடங்குகிறார். வரிசையாகக் கதவுகள் திறக்கின்றன.