கடைசியாகத் தொட்டவர்

பொதுச் சொத்து என்று ஒன்று இருந்தால் அதைக் காக்க ஒரு குழு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆகவே வரிசை எண் பலகையின் கணினி நிரலுக்கும் ஒரு குழு இருந்தது.

மருத்துவமனை, தபால் அலுவலகம், வங்கி என்று எங்கெல்லாம் மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு நாற்காலியில் காத்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் சுவரில் ஒரு பலகை அடுத்த எண்ணைக் காட்டும். அந்தப் பலகையை இயக்கும் நிரலை யாரும் விற்கவில்லை. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து சும்மா எழுதி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தினால் என்ன ஆகும் என்ற கவலையில் நிலைத்தன்மைக் காப்புக் குழு பிறந்தது.

குழு நெடிய ஆலோசனைக்குப் பின் ஒரு விதி செய்தது: 'நிரலில் ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் எவரோ, அவரே அவ்வரியின் நிரந்தரப் பொறுப்பாளர். அதில் விளையும் சகல கோளாறுகளும் அவரையே சாரும்.' தொட்டவர் பெயரை ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கணினியே காட்டிவிடும். யாரும் மறைக்க முடியாது.

மறுநாளிலிருந்து யாரும் எதையும் தொடவில்லை. நிரல் மலை மாதிரி அசையாமல் நின்றது. குழுவினர் 'தொடாதே' என்று அச்சிட்ட பனியன் போட்டுக்கொண்டார்கள். அது நாகரிகமாகி, நிரல் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட வாங்கிப் போட்டார்கள். ஆண்டு முழுவதும் எதையும் தொடாதவருக்குப் பதக்கம் உண்டு.

நிரலில் இருந்த குறைகளில் பெரியது ஒன்று. தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு பலகை 00 என்று காட்டி நின்றுவிடும். சீட்டு மட்டும் நூறு, நூற்றொன்று என்று வந்துகொண்டே இருக்கும்.

கண் மருத்துவமனையில் அப்படி நூற்று நான்காம் சீட்டோடு உட்கார்ந்து, 'நாளைக்கு வாங்க' என்ற பதிலோடு ஓர் அம்மாள் மூன்றாம் முறையாக வீடு திரும்பினாள். இரண்டு கண்ணிலும் புரை.

"என்னங்க, நீங்க கம்ப்யூட்டர்லதானே குப்பை கொட்டுறீங்க? அந்தப் பலகையைக் கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

கணவருக்குக் கணக்கு நிரல் எழுதும் வேலை. நண்பர்கள் வைத்த பெயர் அளவுகோல். சுவரில் படம் சாய்ந்திருந்தால், அடுத்தவர் வீடானாலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அவர் நிரலைத் திறந்து பார்த்தார். ஒரே வரி. 'இரண்டு இலக்கம்' என்பதை 'மூன்று இலக்கம்' என்று மாற்றினால் தீர்ந்தது. குழுவுக்கு எழுதினார். குழு திரையில் கூடியது.

"ஒரு வரிதான் சார். நானே மாத்திடறேன்," என்றார் அளவுகோல்.

"தாராளமா. ஆனா ஒருத்தர் ஒப்புதல் கொடுக்கணும்," என்றார் தலைவர்.

"கொடுங்களேன்."

"ஒப்புதல் கொடுத்தவரும் தொட்டவராவே கருதப்படுவார். உபவிதி."

தலைவர் வேறு யாராவது முன்வருகிறார்களா என்று கேட்டார். உறுப்பினர்களின் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

செயலாளர் இரக்கப்பட்டார். "நீங்க புதுசு. அர்த்தம் மாறாத சின்ன வேலையா பண்ணி நம்பிக்கையைச் சம்பாதிங்க. வரிகளோட ஓரம் சீர்படுத்துறது மாதிரி. அதுக்கு ஒப்புதல் வேண்டாம்."

ஓரம் என்ற சொல்லை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நிரலின் ஓரங்கள் கோணல்மாணலாக இருந்தது முதல் நாளிலிருந்தே அவரை உறுத்திக்கொண்டிருந்தது. பதினோராயிரம் வரிகளையும் வரிசை பிடித்து நேராக்கினார். ஓர் எழுத்து மாறவில்லை. இடைவெளி மட்டும்தான்.

மறுநாள் கணினி பதினோராயிரம் வரிகளுக்கும் பக்கத்தில் அவர் பெயரைக் காட்டியது.

தபால் அலுவலகத்தில் எண் பின்னோக்கிப் போகிறது, வங்கியில் மணி அடிக்கவில்லை என்று உலகத்துப் புகார்கள் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்தன. குழு அவசரமாகக் கூடியது.

"நான் இடைவெளியைத்தானே தொட்டேன்?"

"தொட்டீங்களா இல்லையா?"

"சரி சார், எல்லாம் என் வரின்னா அந்த ஒரு வரியை நானே மாத்திக்கிறேன்."

"தன் வரியைத் தானே மாத்தக் கூடாது. இன்னொரு பொறுப்பாளர் ஒப்புதல் வேணும்."

"யாரு அந்த இன்னொருத்தர்?"

செயலாளர் பட்டியலைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் நாப்பது பேர் இருந்தாங்க. இப்ப நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப நான் செஞ்சதை ரத்து பண்ணிடுங்க."

"ரத்து பண்றவர் பேர் எல்லா வரியிலயும் வருமே. நீங்க பண்றீங்களா, நான் பண்ணவா?" என்று செயலாளர் தலைவரைக் கேட்டார். தலைவருக்கு அந்த நேரம் பார்த்து இணைப்பு கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஓர் ஒளி இருந்தது. "அப்படின்னா இனிமே யாருமே எதையுமே மாத்த முடியாது இல்ல?" எல்லோரும் கைதட்டினார்கள். பூரண நிலைத்தன்மை கைகூடிவிட்டது. அந்த ஆண்டின் பதக்கம் அளவுகோலுக்கு என்று தீர்மானம் ஆயிற்று.

"உங்களுக்குப் பதக்கம், எனக்கு 'நாளைக்கு வா'வா?" என்றாள் மனைவி. "யாரு வேணா எடுத்துக்கலாம்னு சொன்னீங்கள்ல? ஒரு நகல் எடுத்து, நம்ம வீட்ல வச்சுத் திருத்துங்க. எவன் கேக்குறான்?"

அது யாருக்கும் தோன்றவில்லை. நகல் எடுத்தார். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மூன்று இலக்கம் அதே பலகைக்குள் அடங்க வேண்டுமே என்று எழுத்தை மட்டும் கொஞ்சம் பொடியாக்கினார். மருத்துவமனை அதை வாங்கி மாட்டியது. பலகை நூற்று நான்கு என்று கூப்பிட்டது. அம்மாளுக்கு வலது கண்ணில் அறுவை நடந்தது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம்.

தொண்ணூற்றொன்பதைத் தாண்டிக் காத்திருந்த மற்றவர்களும் ஓடிவந்து நகலுக்குத் துணை நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஆர்வக்கோளாறில் எதையோ திருத்தப்போய், அரை நாள் பலகை இருண்டு கிடந்தது. இது நடக்கக் கூடாது என்று எல்லோரும் கூடி, அளவுகோலைத் தலைவராக்கி, விதி ஒன்று செய்தார்கள். புதிதாக யோசிக்க நேரமில்லாததால் பழைய குழுவின் விதியையே நகல் எடுத்தார்கள். பனியன் மட்டும் வேறு நிறம்.

அடுத்த மாதம் அம்மாள் மருத்துவமனையிலிருந்து தொண்டை கட்டி வந்தாள்.

"எண் எறும்பு மாதிரி இருக்குங்க. அங்க உக்காந்திருக்கிறது அத்தனையும் புரை விழுந்த கண்ணு. ஆபரேஷன் ஆனவ நான் ஒருத்திதான். கூடத்துக்கே படிச்சுச் சொல்லிட்டு வர்றேன். எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க."

அவர் பனியனைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டார். "பண்ணலாம். விண்ணப்பம் போடு. யாராவது ஒப்புதல் கொடுக்கணும்."

அவள் தெளிந்த கண்ணால் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணு மங்கலா இருந்தப்ப நீங்க நல்லாத்தாங்க தெரிஞ்சீங்க," என்றாள்.