நிறுத்தும் பட்டன்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் மூத்தவர், அவர் மனைவி, சம்பந்தியாக வரப்போகிற சங்கீத வாத்தியார், டேப் ரிக்கார்டர் மெக்கானிக். நால்வர்தான். ஏழு பேர் என்று பிறகு பேசிக்கொண்டதெல்லாம் சுத்தப் பொய்.

"பாட்டுக் குடும்பம்னு சொல்றீங்க. கேட்டாத்தானே நம்பலாம்?" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டார் வாத்தியார். பாட்டு இல்லாத வீட்டில் பெண் கொடுப்பதில்லை என்பது அவர் பிடிவாதம்.

மூத்தவரின் தகப்பனார் பாடிய ஒரே பாட்டு பழுதாகிக் கிடந்த அந்தப் பழைய டேப் ரிக்கார்டர் பெட்டியில்தான் இருந்தது. அந்தப் பெரிய சக்கர நாடா வேறு பெட்டியில் ஓடாது.

மெக்கானிக் சர்க்யூட் போர்டை வெளியே எடுத்து விளக்கடியில் பிடித்தார். மயிரிழை விரிசல். அது ஐந்து செம்புக் கோடுகளை அறுத்திருந்தது. மெல்லிய கம்பியை வைத்து அவர் ஒவ்வொன்றாகப் பற்றவைக்க, ஈயம் பனித்துளிபோல் உருண்டு நின்றது. பார்த்த மூவரும் மூச்சுவிட மறந்தார்கள்.

விளக்கு எரிந்தது. சக்கரம் சுழலவில்லை.

"போர்டு வளைஞ்சிருக்குப்பா" என்று மூத்தவர் கட்டைவிரலால் அழுத்தினார்.

டக்!

"ஐயையோ! விரிசல் பட்டன் வரைக்கும் ஓடிடுச்சுங்களே!"

"கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

மறுபடி பற்றவைத்ததும் சக்கரம் சுழன்றது. ஆனால் தகப்பனார் அணில்போல் கீச்சிட்டார். வாத்தியார் நாகரிகமாக மேற்கூரையைப் பார்த்தார்.

மூன்றாம் முறை குரல் எழுந்தது. அடடா, என்ன குரல்! சுவரெல்லாம் அதிர்ந்து அடங்கின. மெக்கானிக் சால்டரிங் ராடைக் கீழே வைக்க மறந்தார். வாத்தியார் எழுந்து நின்று கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்க. இது பாட்டு இல்ல, வரம். என் பொண்ணு குடுத்து வெச்சவ."

மூத்தவரின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

தகப்பனார் இருந்தவரை வேறு யாரையும் பெட்டியைத் தொடவிட்டதில்லை. பாட்டு முடிந்த நொடியே, "போதும், தற்பெருமை ஆகாது" என்று தம் கையாலேயே நிறுத்திவிடுவார். அந்த அடக்கத்தை நினைத்தபடி மூத்தவரும் அதே பட்டனை அழுத்தினார். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"நீங்க உடைச்சது அந்தப் பட்டனுக்குப் போற கோட்டைத்தான். இன்னும் ஒட்டலைங்க" என்றார் மெக்கானிக்.

நாடா ஓடிக்கொண்டே இருந்தது. ஓர் இருமல் கேட்டது. சந்தேகமே இல்லை, தகப்பனாரின் இருமல்தான். பின்னாலேயே அவர் பேச்சும் வந்தது.

"சும்மா மிஷினைச் சோதிக்கறதுக்கே இவ்வளவு பிரமாதமா பாடறீங்களே, கடைக்காரரே! எனக்குப் பாட்டே வராது. சரி, பெட்டியைக் கட்டிக் குடுங்க."