தகப்பன் தகுதித் தேர்வு

ஒரு பிள்ளையின் எதிர்காலம் எதனால் தீர்மானிக்கப்படுகிறது என்று ஆராய்வதற்காகக் கல்வித் துறை ஒன்பது பேர் கொண்ட குழுவை அமைத்தது. குழு பதினோரு வருடம் ஆராய்ந்தது. அதற்குள் ஆராயப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் ஆகி, அடுத்து ஆராய்வதற்குத் தோதான பிள்ளைகளையும் பெற்றுவிட்டார்கள். கடைசியில் அறுநூற்று நாற்பது பக்கத்தில் முடிவு வந்தது. பெற்றோர் படித்திருந்தால் பிள்ளை தேறும், குடும்பம் நல்ல நிலையில் இருந்தால் தேறும், உடம்பு நன்றாக இருந்தால் தேறும். தெருவில் போகிற எந்த அம்மாவை நிறுத்திக் கேட்டிருந்தாலும் அரை நிமிடத்தில் இதைச் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் பேச்சுக்குப் பக்க எண் கிடையாதே.

இதெல்லாம் வாய்க்காத பிள்ளைகளுக்குக் கைகொடுக்க வேண்டும் என்றும் குழு எழுதியிருந்ததாம். அந்த வரி அறுநூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. துறையில் யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை. முதல் பக்கத்திலேயே இயக்குநருக்குப் பொறி தட்டிவிட்டது.

"குடும்பத்தைப் பார்த்தாலே பிள்ளை தேறுமா தேறாதான்னு தெரிஞ்சுடுதே! அப்புறம் எதுக்குய்யா பிள்ளையைப் பார்க்கணும்?"

இப்படியாக, மேற்படிப்புக்கு மனுப் போடும் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று 'வருங்கால மதிப்பெண்' வழங்கும் முறை அமலுக்கு வந்தது. பெற்றோரின் கல்விக்கு நாற்பது. குடும்பப் பின்னணிக்கு முப்பது. வீட்டாரின் உடல்நலத்துக்கு இருபத்தைந்து. மீதி ஐந்து இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், மாணவரின் சொந்தப் படிப்புக்கு ஒதுக்கினார்கள்.

நம்முடைய லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். பாலம் கட்டும் படிப்பு படிக்க வேண்டுமென்று ஒன்பது வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். அவளுக்கு முப்பத்தொன்று வந்திருந்தது. அறுபது இருந்தால்தான் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கலாம். மெக்கானிக் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, துறை அலுவலகத்தின் நான்காவது கவுன்ட்டருக்குப் போனார். அங்கே இருந்த மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"பிரமாதம்! உங்க பொண்ணு அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்காளே."

"அதான் மேடம், இவ்வளவு நல்லா படிச்சும்..."

"அவ மேல ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் உங்க மேலதான். எட்டாங்கிளாஸோட நின்னுட்டீங்க."

"அப்போ எங்கப்பாவுக்கு உடம்பு முடியாம போச்சு மேடம். நான் வேலைக்குப் போக வேண்டியதாயிடுச்சு."

"அப்பாவுக்கு உடம்பு முடியலையா? இதை ஏன் படிவத்துல எழுதல? பரம்பரை ஆரோக்கியம், ரெண்டு மார்க் கழியும். சரி, பாவம், நான் கண்டுக்கல." மேடம் உண்மையிலேயே நல்லவர். "மனசை விட்டுடாதீங்க. மேம்பாட்டு வாய்ப்புன்னு ஒண்ணு இருக்கு. ஒரு வருஷம் டைம். அதுக்குள்ள நீங்க பன்னிரண்டாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டு வாங்க. உங்க வீட்டம்மா உடம்பைத் தேத்திக்கட்டும். வீட்டுப் பின்னணியைக் கொஞ்சம் சரி பண்ணுங்க. பாப்பா பாட்டுக்கு அப்படியே இருக்கட்டும். அவ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

பாப்பா பாட்டுக்கு எப்படி இருப்பது? அப்பாவுக்கு யார் சொல்லித் தருவது?

மறுநாளே மெக்கானிக் வேலைக்கு நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தூக்கினார். அவர் மட்டுமில்லை, ஊரே தூக்கியது. தெருவுக்குத் தெரு 'அப்பா டியூஷன் சென்டர்' முளைத்தது. நரைத்த மீசையும் வழுக்கையுமாக, முதலிடம் பிடித்த தகப்பன்மார்களின் படங்கள் ஆளுயரத்துக்கு நின்றன. காலையில் வாசலில் பிள்ளைகள் நின்று, "பேனா எடுத்துக்கிட்டீங்களா? பக்கத்துல இருக்கறவர்கூடப் பேசாதீங்க, என்ன?" என்று சொல்லி அப்பாக்களை உள்ளே அனுப்பினார்கள். பிள்ளை எந்தக் கல்லூரி என்று விசாரிப்பது பழைய பாணியாகிவிட்டது. "உங்க அப்பா இப்போ எந்த கிளாஸ்?" என்பதே நாகரிகம்.

மகள் கண்டிப்பான வாத்தியாராக இருந்தாள்.

"பக்கத்து வீட்டு அங்கிளைப் பாருங்கப்பா. அல்ஜிப்ராவைக் கரைச்சுக் குடிச்சிட்டார்."

"அவர் வீட்டுல படிக்கிற சூழ்நிலை இருக்கும்மா."

"சூழ்நிலையைக் குறை சொல்றதை விட்டுட்டு பத்தாவது கணக்கைப் போடுங்க."

முதல் மூன்று மாதம் மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். நான்காவது மாதம் இயற்பியலில் கப்பி வந்தது. எடை எவ்வளவு, எதிர் எடை எவ்வளவு, கயிற்றின் இழுவிசை எவ்வளவு. அவர் இருபத்தேழு வருடமாகக் கையால் தடவித் தெரிந்துகொண்ட விஷயம், இங்கே இரண்டே வரியில் அச்சாகிக் கிடந்தது. கணக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா. அன்னிக்கு யாராவது இப்படிப் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தந்திருந்தா, நானும் படிச்சிருப்பேன்ல?"

அவள் தாளை வாங்கி, சரி என்று பெரிதாகக் குறி போட்டாள். அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சாப்பிடும்போது வாய்ப்பாடு, பல் தேய்க்கும்போது சூத்திரம். பிள்ளைக்காகப் படிக்க ஆரம்பித்த மனிதருக்குப் படிப்பே பிடித்துப்போயிற்று. அதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மாவின் பாடு வேறு. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நாளெல்லாம் தூசியை விழுங்கி மூச்சிரைக்கிறவள் அவள். மூச்சுப் பரிசோதனையில் தேற வேண்டும் என்று தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். "தூசியை நிறுத்தினா போதாதா?" என்று துறையில் போய்க் கேட்டாள். தூசி தொழில் துறையைச் சேர்ந்தது, நுரையீரல் மட்டும்தான் தங்கள் துறை என்றார்கள். அதனால் நுரையீரலை அழைத்துக்கொண்டு ஓடினாள்.

குடும்பப் பின்னணியைப் பரிசோதிக்க ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். இருநூறு புத்தகம் இருக்கிறதா என்று எண்ணினார். இருந்தன. ஆய்வு நாளுக்கென்று புத்தகம் இரவல் கொடுக்க ஒரு கடையே இருந்தது. பிறகு சாப்பாட்டு மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

"அறிவார்ந்த குடும்ப உரையாடல். இருபது நிமிஷம். ஆரம்பிங்க."

அம்மா தொண்டையைச் செருமினாள். "ஏங்க, இன்னிக்கு உலகம் எப்படி இருக்கு?"

மெக்கானிக் யோசித்தார். "இருக்கு."

"போன வாரத்துக்கு இது பரவாயில்லையா?"

"மேல போகுது, கீழ வருது. நடுவுல நிக்காம இருந்தா சரி."

ஆய்வாளர் ஆவலாகக் குறித்துக்கொண்டார். 'பொருளாதாரத்தில் ஆழ்ந்த பார்வை' என்று எழுதி முழு மார்க் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தெருவைத் தாண்டியதும் மூன்று பேரும் தரையில் விழுந்து சிரித்தார்கள். அந்த வருடத்திலேயே அந்த வீட்டில் நடந்த ஒரே உண்மையான குடும்ப உரையாடல் அதுதான். அதைக் குறித்துக்கொள்ள ஆளில்லை.

மெக்கானிக் பாஸானார். கணக்கில் தொண்ணூற்றாறு. அம்மா மூச்சு விடாமல் ஊதித் தேறினாள். மகள் விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். எழுபது! அறுபதுக்கு மேல் பத்து! மூவரும் இருப்பதிலேயே நல்ல உடையை மாட்டிக்கொண்டு நான்காவது கவுன்ட்டருக்குப் போனார்கள்.

மேடம் எழுந்து நின்றே கை குலுக்கினார். "வாழ்த்துக்கள்! பாலம் கட்டும் படிப்பு. சீட் கிடைச்சிருக்கு!"

அம்மா அழுதாள். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மேடம் கடிதத்தை நீட்டினார். மகள் நீட்டிய கையைத் தாண்டி, அது மெக்கானிக்கின் கையில் போய் உட்கார்ந்தது.

"எனக்கா?"

"பன்னிரண்டாவது பாஸ் பண்ற எல்லாருமே தானா மனுதாரர் ஆயிடுவாங்க, சார். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டுதான். பெற்றோர் கல்விக்கு வீட்டுக்கு ஒரே கணக்கு, நீங்களும் பெற்றோர்தானே. பொண்ணுக்கு எழுபது, உங்களுக்கு எழுபத்தி மூணு."

"அதெப்படி? ஒரே வீடு, ஒரே பின்னணி!"

"ஒரே பின்னணி இல்லையே. 'வீட்டிலேயே சொல்லித்தரத் தகுதியான ஆள் உண்டா?' உங்களுக்கு உண்டு, மூணு மார்க். அவளுக்குச் சொல்லித்தர யாரும் இல்லைன்னு அவளே எழுதியிருக்கா பாருங்க."

"எனக்கு இது வேண்டாம். அவளுக்குக் குடுத்துடுங்க."

"வேண்டாம்னு எழுதிக் குடுத்தா 'படிப்பைப் பாதியில் நிறுத்திய தகப்பன்'னு பதிவாகும். ஏற்கெனவே ஒரு தடவை நிறுத்தியிருக்கீங்க. அவளோட எழுபதும் போயிடும்."

மெக்கானிக்கால் கையிலிருந்த கடிதத்தை விடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அதை விடக் கொடுமை, உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காகத் தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"வருத்தப்படாதீங்க," என்றார் மேடம். "திட்டம் வீணாப் போகல. நாளைக்கு இவளுக்கு ஒரு குழந்தை பொறந்தா, தாத்தா இன்ஜினியர்! பொறந்த உடனே பத்து மார்க்!"

பிறகு மேடம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கவுன்ட்டர் துவாரம் வழியாகத் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மாசத்துலேர்ந்து எங்க பதவி உயர்வுக்கும் இதே மார்க்தான் வச்சிருக்காங்கம்மா. எங்கப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. ஆறாங்கிளாஸ் பின்னத்துலயே நின்னுட்டார், நகர மாட்டேங்கறார். நீ எப்படியும் வீட்டுல சும்மாதானே இருக்கப்போறே?"

மகள் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"இயக்குநரோட அப்பாவும் இருக்காரா மேடம்? ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சே சொல்லிக் குடுத்துடறேன்."