எங்கள் தெருக் காக்கைகளும் உங்கள் முகமும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என் உச்சந்தலையைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கு தங்கள் உச்சந்தலை உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை தாங்களே புறப்பட்டு வருவதாகப் போன் செய்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. திரைச்சீலைகளைத் துவைத்தாகிவிட்டது, என்னைத் துவைத்துக் காயப்போடாத குறைதான். எனக்கும் சந்தோஷம்தான் மச்சான், மனதாரச் சொல்கிறேன். கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் கடைசி நொடியில் நீங்கள் என் முன்னால் வந்து நின்று, என் முகம் முழுவதையும் மறைத்து, இடது காது மட்டும் உலகத்துக்குத் தெரியும்படி செய்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன். ஆகவே, "தயவுசெய்து வராதீர்கள்" என்று இப்போது எழுதுவதற்கும் அந்தக் காதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காரணம் காக்கை.

என் மகள் விலங்கியல் படித்தாள் அல்லவா? காட்டுக்குப் போவாள், புலியிடம் மாட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ நகரத்து உயிரினங்களை ஆராய்ச்சி செய்கிறாள். நகரமும் ஒரு காடுதானாம். பேருந்து நிறுத்தம், குப்பைத்தொட்டி, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி என்று எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று குடும்பம் நடத்துகிறதாம். குளியலறைப் பல்லியை நான் விரட்டப் போனால், "விடுங்கப்பா, அது உங்களுக்கு முன்னாடியே இங்க குடியிருக்கு" என்கிறாள். அப்படியானால் வாடகையை அது கொடுக்கட்டும் என்றேன்.

போன மாதம் மூக்குக்கண்ணாடியைத் தேடி அவள் அறை அலமாரியைத் திறந்தேன். உள்ளே நீங்கள். உடம்பு இல்லை, முகம் மட்டும். பதற்றத்தில் "வாங்க மச்சான்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். பிறகுதான் அது ரப்பர் முகமூடி என்று தெரிந்தது. என்னம்மா இது என்று கேட்டால், செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறாள்: "காக்கா மனுஷங்க முகத்த ஞாபகம் வச்சுக்கும்பா. ஒரு முகமூடியப் போட்டுக்கிட்டு வலையில புடிச்சு, கால்ல வளையம் மாட்டி விட்டோம்னு வைங்க, அந்த முகத்த வருஷக்கணக்கா மறக்காது. பாக்குற இடத்துலெல்லாம் கொத்த வரும். புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துடும். மாமா முகம் அந்தக் கல்யாண போட்டோல நல்லா பெரிசா விழுந்திருந்துச்சு, அதான். ஆனா மாமா..." அதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்றைக்குப் போனவள்தான். நகரத்தின் மறுகோடியில் தங்கி ஆந்தைகளைக் கவனிக்கிறாள். ஆந்தைக்குச் சத்தம் ஆகாது என்று போனையும் அணைத்துவிட்டாள்.

நிலைமை புரிகிறதா மச்சான்? இந்த வட்டாரத்துக் காக்கைகள் அத்தனையும் உங்கள் மேல் கறுவிக்கொண்டிருக்கின்றன. இதை உங்கள் தங்கையிடம் சொன்னால் மகளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். சொல்லாவிட்டால் அவள் அண்ணன் மண்டை தப்பாது.

எனக்குச் சுத்தமாக விளங்காதது இன்னொன்று. மகள் போன பிறகு, சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நானும் காலையில் கிளம்புகிறேன். தெருமுனையைத் தாண்டுவதற்குள் மண்டையில் 'டொக்' என்று விழுகிறது. தொப்பி போட்டேன், தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. மீசையை எடுத்துப் பார்த்தேன். உங்கள் தங்கைக்கே சற்று நேரம் அடையாளம் தெரியவில்லை, காக்கைக்குத் தெரிகிறது. கூட நடக்கும் மருந்துக்கடைக்காரரை ஒன்றும் செய்வதில்லை. உங்கள் மேல் இருக்கும் கோபத்தை உங்கள் உறவுக்காரன் மேல் தீர்த்துக்கொள்கின்றன போலும். ஆனால் உங்களுக்கும் எனக்கும் ரத்த சம்பந்தமே கிடையாதே, பெண் எடுத்த வகைதானே? அதைக் காக்கைக்கு யார் எடுத்துச் சொல்வது? ரத்த சம்பந்தமுள்ள உங்கள் தங்கையோ நடுத்தெருவில் நின்று காய்கறி பேரம் பேசுகிறாள், அவளை ஒன்று ஏறிட்டும் பார்ப்பதில்லை. யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது. கொத்தியதால்கூட இருக்கலாம்.

ஆகவே வராதீர்கள். வந்துதான் தீருவேன் என்றால் ஹெல்மெட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்குங்கள். இதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு இன்னும் எட்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடாதீர்கள். உங்கள் தங்கை தாங்க மாட்டாள். உண்மையைச் சொன்னால் நானும்தான். நீங்கள் போனபிறகு சீட்டாட்டத்தில் என்னைத் தோற்கடிக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பட்டப்பகலில் விரித்த குடைக்குள்ளிருந்து,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்துவிட்டாள். கடிதத்தைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். முகமூடி இரண்டாம். ஒன்று வலை போடும் முகம், மற்றது தினமும் ரொட்டி போடும் முகம். நீங்கள் ரொட்டியாம். உங்களைக் கண்டால் காக்கைகள் பின்னாலேயே வருமாம், அவ்வளவு பிரியமாம். அப்படியானால் வலை போட்டது யார் முகம் என்று கேட்டேன். "ரிட்டயர் ஆனதுலருந்து நீங்கதான் வீட்டவிட்டு வெளியவே போறதில்லையேப்பா, அதான் உங்க பழைய ஆபீஸ் கார்டு போட்டோவக் குடுத்துட்டேன்" என்கிறாள். எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாமல், ஞாயிறு வரை காத்திராமல், சனிக்கிழமையே வந்துவிடுங்கள். காலையில் இருவரும் நடக்கப் போவோம். அந்தப் போட்டோவில் நின்ற மாதிரியே என்னை முழுசாக மறைத்துக்கொண்டு நீங்கள் முன்னால் நடங்கள். இந்தத் தடவை காதும் தெரியக் கூடாது.