திருத்தினால் காரணம் எழுதவும்

பொண்டாட்டியிடம் உதவி கேட்பதில்லை என்று அமிர்தலிங்கம் செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கும்போது சபதம் எடுத்தார். சபதம் மத்தியானம் வரைக்கும் உயிரோடு இருந்தது. அவருடைய சபதங்களில் அது தீர்க்காயுசு.

எல்லாம் ஒரு கம்ப்யூட்டரால் வந்தது. எண்பத்தேழாம் வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆபிஸுக்கு வந்திறங்கிய முதல் கம்ப்யூட்டர். அதற்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டியவர் ஆபிஸில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி அமிர்தலிங்கம்தான். இப்போது கோலாலம்பூரிலிருந்து அதற்கு ஒரு புரோகிராம் வந்திருந்தது. மூன்று டிஸ்க், ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம். ஆபிஸில் அடிக்கும் கடிதத்தை யார் திருத்தினாலும் பழைய பிரதியை அது பத்திரமாக வைத்துக்கொள்ளுமாம். திருத்தியது யார், எப்போது, எதற்கு என்றும் குறித்து வைக்குமாம்.

"நாளைக்குள்ள ஏத்திடுங்க கிராணி. முடியலைன்னா டவுன்லேர்ந்து ஆளைக் கூப்பிட்டுக்கிறேன்," என்றார் தோட்டத்து மேனேஜரான துரை.

டவுன் ஆள் வந்தால் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவான் என்று அமிர்தலிங்கம் பயந்தார். டிஸ்க்கை நாலு தடவை நுழைத்தார். நாலு தடவையும் மெஷின் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. அவருக்கு இங்கிலீஷில் சரளமாக வரும் ஒரே பதில் 'யெஸ் சார்'. அதையும் அடித்துப் பார்த்தார். மெஷின் மரியாதைக்கு மயங்கவில்லை.

மத்தியானம் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு சாப்பிட வீட்டுக்கு வந்தார். மனைவி இராசம்மா கான்வென்ட்டில் படித்தவள். இடுப்பில் பிள்ளை, கையில் கரண்டி.

"இந்தா, பொழுது போகலைன்னா இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டேன்."

"பொழுது போகலையா? எனக்கா?"

"உன் இங்கிலீஷ் துருப்பிடிச்சிடக் கூடாதுல்ல. உன் நல்லதுக்குத்தான்லா."

இராசம்மா இரண்டு பக்கம் புரட்டினாள். "புரோகிராம் ஏறலையாக்கும்?"

"யாரு சொன்னா? ஏறுது. ஏறும்போது வழுக்குது."

"நான் ஆபிஸுக்கு வந்து படிச்சுச் சொல்றேன். ஆனா ஒண்ணு. தானா ராத்தா டவுன் பாலர் பள்ளியில டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. சனிக்கிழமை கடைசி நாள். துரைகிட்ட ஒரு சிபாரிசுக் கடிதம் வேணும்."

"பிள்ளையை யாரு பாத்துக்குவா?"

"பக்கத்து வீட்டு செல்லம் அக்கா ஒத்துக்கிட்டாங்க. இந்த வருஷமும் விட்டேன்னா இந்த அடுப்போட நானும் ஒரு அடுப்பாயிடுவேங்க."

"சரி," என்றார் அமிர்தலிங்கம் உடனே. "தாராளமா போ!"

மூன்று மணிக்கு இராசம்மா ஆபிஸுக்கு வந்தாள். அவள் வாசித்தாள், அவர் தட்டினார்.

"உங்க பேரை அடிங்க."

"அடிச்சாச்சு."

"'யெஸ்'ஸுக்கு ஒய் அழுத்துங்க. அடுத்த டிஸ்க். திரும்ப ஒய்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். ஏறிடுச்சு."

மறுநாள் துரை தோளில் தட்டிக் கொடுத்தார். ஒற்றை ஆளாய் அந்த மெஷினோடு மல்லுக்கட்டிய கதையை அமிர்தலிங்கம் அடக்கமாக அரைமணி நேரம் சொன்னார்.

வியாழக்கிழமை துரை சிபாரிசுக் கடிதத்தை மலாயில் சொல்லச் சொல்ல இவர் அடித்தார். 'பொறுமைசாலி. இங்கிலீஷ் நன்றாக வரும். தவறாமல் வேலைக்கு வருவார்.' குளிர்ந்த அடுப்பு கண்முன் தெரிந்தது. 'பொண்டாட்டி சம்பளத்துல மீன் சாப்பாடா கிராணி?' என்று ஊர் கேட்பது காதில் விழுந்தது.

துரை வெள்ளிக்கிழமைதோறும் கடிதங்களைக் கட்டாக வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அது போதும். வெள்ளி காலை அமிர்தலிங்கம் கடைசி வரியை மாற்றினார்: 'கைக்குழந்தைக்காரி. அடிக்கடி லீவு போடுவார்.'

மெஷின் விடவில்லை. திருத்தியதற்குக் காரணம் கேட்டது. காலியாக விட்டார். கீச்சென்றது. புள்ளி வைத்தார். இன்னும் உரக்கக் கீச்சிட்டது. வெளியே துரையின் பூட்ஸ் சத்தம். இருந்த கொஞ்சம் இங்கிலீஷும் பதறி ஓடிவிட, மலாயில் உண்மை வந்து விழுந்தது: 'பினி கெர்ஜா, சியாப்பா மாசாக்?' பொண்டாட்டி வேலைக்குப் போனால் யார் சமைப்பது?

மெஷின் வாயை மூடிக்கொண்டது. அவர் கடிதத்தை அச்செடுத்துக் கட்டின் நடுவில் சொருகினார். சாயந்திரம் மனசு கொஞ்சம் உறுத்தவே, கியா பார்ம் சந்தையில் அவளுக்கு ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

சனிக்கிழமை காலை ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு புதுக் காகிதம். கங்காணி சிவசாமி அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கிராணியாரே, பசியாறியாச்சா?" என்றாள் காளியம்மா. "இல்ல, நாங்க முறை வச்சு ஆக்கித் தரணுமா?"

துரை உள்ளே கூப்பிட்டார். "நல்ல புரோகிராம் ஏத்தியிருக்கீங்க கிராணி. வாரா வாரம் யார் எதை, எதுக்குத் திருத்தினாங்கன்னு அதுவே அச்சடிச்சுத் தருது. பலகையில ஒட்டச் சொல்லிட்டேன். உங்க கடிதத்தைக் கிழிச்சுட்டேன். பழைய பிரதியில கையெழுத்துப் போட்டு முதல் பஸ்ல அனுப்பியாச்சு. போன்லயும் பேசிட்டேன், திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க."

"ஐயா, அந்த லிஸ்ட் அச்சாகணும்னு நான் சொல்லவே..."

"சொல்லியிருக்கீங்களே. 'வாரா வாரம் அச்சடிக்கவா?'ன்னு அது கேட்டதுக்கு உங்க பேர்ல ஒய் இருக்கு."

வீட்டில் இராசம்மா சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"அந்த ஒய் எதுக்குன்னு நீ சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்கவே இல்லையே."

"நான் கடிதத்தை மாத்துவேன்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"நாலு வருஷமா எதைக் கேட்டாலும் 'பாப்போம்'பீங்க. அன்னிக்கு உடனே சரின்னீங்க." சேலையைத் திருப்பிப் போட்டாள். "திங்கக்கிழமை ஏழு மணிக்கு எனக்கு பஸ். அரிசி பெரிய டின்ல இருக்கு. களைஞ்சு போட்டு, அதுக்கு மேல தண்ணி ஒரு விரற்கணு அளவு விடணும். புரிஞ்சுதா?"

அமிர்தலிங்கம் தன் இரண்டு கைகளையும் விரித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"எந்த விரல்?" என்றார்.