ஓட்டை டின் பாய்

ஆணியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு ஒரு கடைத்தெருவையே காப்பாற்றிய மளிகைக்கடைக்காரர் உலகத்தில் ஒருவர்தான். அவர் மலாயாவில் பாடாங் செராய் டவுன் ஓட்டை டின் பாய். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுவைக்காமல் விட்டது என் முட்டாள்தனம்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, டின்னில் வரும் எதையும் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு. ஓட்டை போட்ட சார்டின் மீன் டின்னை ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் பாதி பையில் ஒழுகும், பாதி பஸ்ஸில். மிச்சத்தைத் தோட்டத்து கேட் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். ஜனங்கள் டவுனுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. எதிர்க்கடைச் சீனத் தையற்காரர்கூட மெஷினைக் கட்டிவைத்துவிட்டு ஊரைவிட்டுப் போக லாரிக்குக் காத்திருந்தார்.

பாய்க்குப் பெண்டாட்டி பிள்ளைகள் நாகூர்ப் பக்கம். இங்கே அந்தத் தெருதான் குடும்பம்.

"எல்லாரும் போயிட்டா நான் யாருகிட்ட பேசறது, செவுத்துகிட்டயா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவன். கல்யாணமாகாதவன். குவார்ட்டர்ஸ் சுவரோடு பேசியே பழகியவன்.

மறுநாள் கடை முன்னால் நீளமாக ஒரு பெஞ்சு. டின் கேட்டவர்களையெல்லாம் பாய் பிடித்து உட்காரவைத்தார்.

"ஓட்டைதானே போடணும்? பெருசாவே போடறேன். இங்கயே சாப்பிட்டுப் போங்க லா!"

ஓங்கி ஓர் அடி. சாறு பீறிட்டு வாங்கியவர் சட்டையில் விழும். பாய் ரொட்டி கொடுப்பார். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும், பழம் விற்கும் மலாய்க்கார அம்மா ஊசிமிளகாய் கொண்டுவருவார். சாப்பிடவென்றே ஜனங்கள் மறுபடி டவுனுக்கு வந்தார்கள். சட்டை பாழானவர்கள் புதுசு தைக்க எதிர்க்கடைக்கு ஓடுவார்கள். லாரி வந்தபோது தையற்காரர் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தார். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாய்க்கும் அவருக்கும் ரகசிய உடன்பாடு என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

ஓட்டை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு சார்ஜன்ட் வந்தார். அவர் கண்ணெதிரே ஒரே டின்னில் எட்டு ஓட்டை போட்டுக் காட்டினார் பாய். ஒழுகும் டின்னை என்ன செய்வது? சார்ஜன்டும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு ஒருநாள் எங்கள் வட்டாரத்தில் அந்த உத்தரவை எடுத்துவிட்டார்கள். ஊருக்கே கொண்டாட்டம். எல்லோரும் முழு டின்னாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். மூடிய கடைகள் திறந்திருந்தன. தெரு நிறைய ஜனம். பாய் பெஞ்சில் மட்டும் ஒருவருமில்லை.

நானும் ஒரு டின் கேட்டேன். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க கிராணியாரே. சட்டம்தான் போயிருச்சே."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன்.

"ஓட்டை போடுங்க பாய்."

பாய் சுத்தியலை எடுத்தார். உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்துவந்தார்.

அந்தத் தோட்டத்தை விட்டு மாற்றலாகும்வரை நான் தனியாகச் சாப்பிடவே இல்லை.